முதலில் அகப்பட்ட பலகை

மாமியார் வீட்டில் வைத்த பெயர்கள் அலுவலகம் வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டன. மூத்த மகளைக் கட்டியவர் பெரியவர், இளையவளைக் கட்டியவர் சின்னவர். பெரியவருக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. பெயரைக் கேட்டுவிட்டு நரைத்த தலையைத் தேடிக்கொண்டு வரும் புது ஆட்கள், கருகரு மீசையைப் பார்த்து ஒரு கணம் திகைத்து நிற்பார்கள். சகலைகள் இருவரும் ஒரே நிறுவனத்தில், அதுவும் அடுத்தடுத்த மேசையில் வேலை பார்க்க நேர்ந்தது பெரியவர் செய்த காரியம்தான். மனைவியின் நச்சரிப்பு தாங்காமல் அவரே சிபாரிசு செய்தார். "வேலியில போன ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டேன்" என்று பிறகு பலமுறை சொல்லியிருக்கிறார், கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து மட்டும்.

நிறுவனம் பேருந்துக் கழகங்களுக்கு மென்பொருள் செய்து கொடுத்தது. எந்த வண்டி, எங்கே போகிறது, எத்தனை மணிக்கு என்ற தகவலை எடுத்து, நிறுத்தங்களில் மாட்டும் நேரப் பலகையின் படமாக மாற்றித் தருகிற சின்ன நிரல் ஒன்று அங்கே இருந்தது. அதற்குப் 'பலகை' என்றே பெயர். எழுதியவர் பெரியவர். எத்தனையோ நிரல்கள் வந்து போயின, பலகை மட்டும் அசையவில்லை. எந்த நிறுத்தத்தில் நின்றாலும் தலைக்கு மேலே தன் கைவேலை தொங்குவதை மனைவிக்குச் சுட்டிக்காட்டாமல் அவர் இருந்ததில்லை. "மொதல்ல பஸ் வருதான்னு பாருங்க" என்பாள் அவள்.

அந்தப் பலகையில்தான் சின்னவர் கை வைத்தார்.

"அண்ணே, உங்க பலகையை நான் புதுசா எழுதிப் பாக்கட்டுமா? மலைப்பக்கத்து ஊர்க்காரங்க அனுப்பியிருக்கற தகவல் ரொம்பப் பெருசு. பழசு திணறும்னு மேடம் நினைக்கறாங்க."

"தாராளமா எழுது தம்பி. என்னை எதுக்குக் கேக்கற?"

"கேக்காம எப்படிண்ணே? பேரை மட்டும் மாத்த மாட்டேன். நீங்க வெச்ச பேரே இருக்கட்டும்."

சின்னவர் அதை மரியாதையாக நினைத்துத்தான் சொன்னார். வீட்டை இடித்துவிட்டு வாசல் கல்லில் பழைய சொந்தக்காரரின் பெயரை மட்டும் விட்டுவைப்பது போல இருந்தது பெரியவருக்கு. அன்றைக்கே தன் பலகையின் பிரதி ஒன்றை எடுத்து, தன் கணினியில் தனக்கே உரிய கோப்புறையில் போட்டுவைத்தார். வேறு யாரும் தொட முடியாத இடம். வைத்தவர் அதை மறந்தும் போனார்.

பொறாமை அவருக்குப் புதிது இல்லை, ஆனால் அதற்கு முன்னால் அது வீட்டோடு நின்றிருந்தது. மாமியார் வீட்டில் மோட்டார் நின்றுபோனால் போன் சின்ன மாப்பிள்ளைக்குத்தான் போகும். பெரிய மாப்பிள்ளைக்குப் போன் வருவது, சின்ன மாப்பிள்ளை வந்து மோட்டாரைச் சரிசெய்துவிட்டார் என்று சொல்வதற்கு. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். அவருடைய மகள், ஏழாம் வகுப்பில் படிப்பவள், ஒருநாள் கணக்குப் புத்தகத்தை மூடிக்கொண்டே சொன்னாள்: "நீங்க சொன்னா குழப்பமா இருக்குப்பா. சித்தப்பா வந்ததும் கேட்டுக்கறேன்." அன்று இரவுச் சாப்பாடு அவருக்கு இறங்கவில்லை. வயிறு சரியில்லை என்று மனைவியிடம் சொன்னார். அது பொய்யும் இல்லை.

அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக எழுதிய எதுவும் நேரே சோதனைப் பிரிவுக்குப் போகாது. மூத்தவர் ஒருவர் அதைத் தன் கணினியில் நிறுவி, ஓட்டிப் பார்த்து, சரி என்று வாக்குக் கொடுக்க வேண்டும். அதன் பிறகுதான் சோதனை பார்க்கிற பெண்ணிடம் போகும். அவளுக்குப் 'பூதக்கண்ணாடி' என்று பட்டப்பெயர். அவளும் அதைக் கேட்டால் திரும்பிப் பார்ப்பாள். புதுப் பலகையைப் பார்க்கும் பொறுப்பைக் குழுத் தலைவியான மேடம் பெரியவரிடமே கொடுத்தார். "பழசை எழுதினவரைவிட வேற யாருக்கு இது தெரியும்?" என்றார். அடுத்த வார வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் முடிவு: புதுசு சரி என்றால் பழசை எடுத்துவிடுவது, இல்லையென்றால் பழசே தொடர்வது.

பெரியவர் புதுப் பலகையை எல்லாருக்கும் பொதுவான இடத்தில் நிறுவினார். பிறகு பில்டை ஓட்டினார்.

பலர் எழுதிய துண்டுகளைச் சேர்த்து வாடிக்கையாளருக்கு அனுப்பும் ஒரே பொட்டலமாகக் கட்டுவதைத்தான் பில்ட் என்கிறார்கள். கட்டுவதற்கு அதற்குத் துணை நிரல்கள் வேண்டும். அவை ஒவ்வொருவர் கணினியிலும் ஒவ்வொரு மூலையில் கிடக்கும். ஆகவே பில்ட் முதலில் தேடிக்கொண்டு போகும். தெருவில் வரிசையாகக் கதவைத் தட்டி, "பலகை இருக்கா?" என்று கேட்பது போலத்தான். முதலில் 'இருக்கு' என்று சொல்லும் வீட்டில் வாங்கிக்கொள்ளும். யாருடையது, புதுசா பழசா, நல்லதா கெட்டதா என்று விசாரிக்காது. அடுத்த கதவையும் தட்டாது. கிடைத்த விலாசத்தை மனதில் குறித்துக்கொண்டு, மறுமுறை கேட்காமல் நேரே அங்கேயே போய்விடும். பெரியவரின் கணினியில் அந்தத் தெருவின் முதல் வீடு, அவருடைய சொந்தக் கோப்புறை. இதெல்லாம் அவருக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்கு அவர்தான் சொல்லிக்கொடுப்பார்.

பில்ட் முடிந்தது. பெரியவருக்கு முதல் சந்தோஷம் அங்கேயே கிடைத்தது.

"வேகம் வேகம்னியே தம்பி, எனக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியலையே. என்னோடது எவ்வளவு நேரம் எடுக்குமோ அவ்வளவுதான் எடுக்குது."

"அப்படியாண்ணே? என்கிட்ட பாதி நேரத்துல முடியுதே."

"உன் கம்ப்யூட்டர் புதுசு, உன்னை மாதிரியே."

அடுத்து அவர் செய்ததைத் தன் நிரலுக்கு அவர் ஒருநாளும் செய்ததில்லை. தன் பிள்ளையை யாரும் அந்த அளவுக்குத் தட்டிப் பார்ப்பதில்லை. மலையூரின் தகவலில் இருந்து மிகக் கோணலான நிறுத்தங்களாகப் பொறுக்கி எடுத்தார். ஒரே நிமிடத்தில் கிளம்பும் மூன்று வண்டிகள், நள்ளிரவு தாண்டி வரும் வண்டி, பெயர் நீண்டு இரண்டு வரி பிடிக்கும் நிறுத்தம். 'பழைய தண்ணீர்த் தொட்டி மேற்குப் பள்ளி பின்வாசல்' என்று ஒன்று இருந்தது. அந்தப் பலகையில் கடைசி வண்டியைக் காணோம். பெயர் இரண்டாம் வரிக்கு இறங்கியதும் மற்றதெல்லாம் ஒரு படி கீழே தள்ளப்பட்டு, அடி வரிசை பலகைக்கு வெளியே விழுந்துவிட்டது.

பெரியவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அந்த ஒரு கணத்தில் அவரைப் படம் பிடித்திருந்தால் லாட்டரி விளம்பரத்துக்குக் கொடுத்திருக்கலாம்.

"தம்பி, கொஞ்சம் வா. கடைசி பஸ் எங்கப்பா?" என்று கூடம் முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டார்.

சின்னவர் வந்து பார்த்தார். முகம் சுருங்கியது. "என்கிட்ட வரலையேண்ணே."

"கடைசி பஸ் போயிட்டதுன்னு நினைச்சு ஒரு பொம்பளை அந்த மலையில குழந்தையோட நடக்கப் போறா. அவகிட்ட போய் 'என்கிட்ட வரலையே'ன்னு சொல்லு."

யாரோ சிரித்தார்கள். சின்னவர் சிரிக்கவில்லை. "சரி பண்ணிடறேண்ணே" என்று மேசைக்குப் போனார். தன் கணினியில் சரியாக வந்ததை நம்பாமல் அண்ணன் கண்ணை நம்பினார். அவர் சுபாவம் அப்படி. இதுவும் பெரியவருக்கு எரிச்சலைக் கிளப்பியது. எதிர்த்துப் பேசினால் சண்டையாவது போடலாம்.

சின்னவர் திருத்தி அனுப்பினார். பெரியவர் நிறுவி ஓட்டினார். கடைசி வண்டி இல்லை. மறுபடி திருத்தினார். மறுபடி இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை சின்னவர் மாமியார் வீட்டுக்கு வரவில்லை, வேலை என்று சொல்லிவிட்டார். "சித்தப்பா ஏன் வரலை?" என்று மகள் கேட்டபோது, "சித்தப்பா கணக்குல வீக்காயிட்டாரு" என்றார் பெரியவர்.

வெள்ளிக்கிழமை காலை, கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு சின்னவர் வந்து நின்றார். "அண்ணே, இந்தத் தடவை அமைப்பையே மாத்திட்டேன். வண்டி நம்பரை இடது பக்கத்துலேர்ந்து வலது பக்கம் கொண்டுபோயிட்டேன், இடம் கிடைக்கட்டும்னு. கடைசியா ஒரு தடவை பாத்துடுங்க."

பெரியவர் ஓட்டினார். கண் நேரே பலகையின் அடிக்குப் போனது. கடைசி வண்டி இல்லை. திருப்தியோடு கண்ணை மேலே கொண்டுவந்தவர் அப்படியே நின்றார். வண்டி எண்கள் இடது பக்கத்தில் இருந்தன.

ஒருவேளை சின்னவர் தவறான பிரதியை அனுப்பிவிட்டாரோ என்று முதலில் நினைத்தார். அனுப்பியதைத் தனியாகத் திறந்து பார்த்தார், வலது பக்கம் என்றுதான் எழுதியிருந்தது. பிறகு, முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கணினியிடம் கேட்டார்: நீ எந்தப் பலகையை ஓட்டினாய்? ஒரே வரியில் பதில் வந்தது. அவருடைய சொந்தக் கோப்புறையின் விலாசம்.

சின்னவரின் நிரல் அந்தக் கணினியில் ஒருமுறைகூட ஓடவில்லை. வேகம் இல்லை என்று அவர் நக்கல் அடித்தது தன் நிரலை. மலைப்பெண்ணைக் குழந்தையோடு நடக்கவிட்டது தன் நிரல். இதுவரை வேலை செய்த ஊர்களில் எல்லாம் நிறுத்தங்களுக்குச் சின்னப் பெயர்கள், அதனால் குட்டு வெளிப்படவில்லை.

பக்கத்து மேசையைப் பார்த்தார். சின்னவர் கண்ணை மூடி நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சொல்லிவிடலாம், ஒரு வாக்கியம்தான். ஆனால் பெரியவரின் கை வேறு பக்கம் போனது. தன் பலகையின் மூலத்தைத் திறந்தார். எத்தனை வரி பிடிக்கிறது என்று கணக்கிடும் இடத்தில் சின்னத் திருத்தம். பல் துலக்கும் நேரத்தில் முடிந்துவிட்டது. இப்போது பழைய பலகையிலும் கடைசி வண்டி வந்தது. கூட்டத்தில், "புதுசுல கோளாறு போகலை, பழசு நல்லாத்தான் ஓடுது" என்று சொன்னால் போதும். எந்தக் கண்டக்டரும் டிக்கெட் கேட்கப் போவதில்லை.

கூட்ட அறையில் நால்வர்தான். மேடம் அவரைப் பார்த்தார். "என்ன சொல்றீங்க?"

"அந்தக் கோளாறு இன்னும் வருது மேடம்."

பூதக்கண்ணாடி பேனாவைக் கடித்துக்கொண்டே, எல்லாரிடமும் வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டாள். "எந்தப் பலகை ஓடுதுன்னு பாத்தீங்களா?"

"பாத்தேன்" என்றார் பெரியவர். பார்த்திருந்தார்தான்.

அவர் மேற்கொண்டு பேசுவதற்குள் சின்னவர் எழுந்தார். "மேடம், அண்ணனோட பலகையே இருக்கட்டும். அவர் காட்டின தப்பை என்னால கண்டுபிடிக்கவே முடியலை. என்னோடதை நான் திரும்ப எடுத்துக்கறேன். அவர் இவ்வளவு பொறுமையா பாத்துக் குடுத்ததுக்கு அவருக்குத்தான் நன்றி சொல்லணும்."

மேடம் அவரை நிமிர்ந்து பார்த்தார். "இப்படி ஒருத்தர் சொல்லி நான் இந்த ஆபீஸ்ல கேட்டதே இல்லை" என்றார். பூதக்கண்ணாடி மேசையைத் தட்டினாள். வெளியே வந்ததும் மற்றவர்கள் வந்து சின்னவரின் தோளைத் தட்டினார்கள். ஜெயித்தவரின் தோளை ஒருவரும் தட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்குள் செய்தி மாமியார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே சதை பிடித்துவிட்டிருந்தது. சாப்பாட்டு மேசையில் சின்னவரின் மனைவி அதை ஆரம்பத்திலிருந்து சொன்னாள். மாமியார் சின்ன மாப்பிள்ளையின் தட்டில் கேட்காமலே இன்னொரு கரண்டி வைத்தார்.

"ராத்திரி பகலா உழைச்சதைத் தூக்கிக் குடுக்கறதுன்னா சும்மாவா? அந்த மனசு எல்லாருக்கும் வராது" என்றார்.

"எங்க வீட்லயும் ஒருத்தர் இருக்காரே" என்றாள் பெரியவரின் மனைவி. "டிவி ரிமோட்டைக்கூட விட்டுக்குடுக்க மாட்டாரு."

எல்லாரும் சிரித்தார்கள். மகள் அதிகமாகச் சிரித்தாள். சின்னவர் தலையைக் குனிந்துகொண்டு, "அதெல்லாம் ஒண்ணுமில்லை அத்தை" என்றார். அந்தக் குனிந்த தலைதான் பெரியவருக்குத் தாங்கவில்லை. நிரலை எடுத்துக்கொள்ளட்டும், வேலையை எடுத்துக்கொள்ளட்டும். இந்தப் புண்ணியமும் அவனுக்கா?

"அவன் ஒண்ணும் விட்டுக்குடுக்கலை!" என்றார். சத்தம் அவர் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. "அவன் எழுதினதுல தப்பே இல்லை. தப்பு என்னோடதுல."

மாமியாருக்கு விளங்கவில்லை. "என்ன மாப்பிள்ளை சொல்றீங்க?"

"அத்தை, சின்ன மாப்பிள்ளை வீட்டுக் குழம்பு எப்படி இருக்குன்னு பாக்க ஆளை அனுப்பறீங்கன்னு வெச்சுக்கங்க. அவன் போற வழியில என் வீட்டுக் கதவைத் தட்டி, குழம்பு இருக்கான்னு கேட்டு வாங்கிட்டு வந்துடறான். நீங்க அதைச் சாப்பிட்டுட்டு, சின்னவர் வீட்ல உப்பு ஜாஸ்தின்னு ஊரெல்லாம் சொல்றீங்க. அதுதான் நடந்துது."

மாமியார் யோசித்தார். "அப்போ உப்பு ஜாஸ்தி உங்க வீட்லயா?"

"ஆமா."

"என் சமையலையா சொல்றீங்க?" என்றாள் மனைவி.

சின்னவர் மட்டும் சிரிக்கவில்லை. கையில் எடுத்த கவளத்தைத் தட்டில் திரும்ப வைத்தார். "உங்க ஃபோல்டர்ல பழசு இருந்துச்சா?"

"இருந்துது. மறந்துட்டேன்."

"எப்பத் தெரிஞ்சுது?"

மறந்துவிட்டேன் என்பதோடு நின்றிருந்தால் பெரியவர் தப்பித்திருப்பார். "வெள்ளிக்கிழமை காலைல" என்றார்.

"மீட்டிங் மத்தியானம்."

"ஆமா."

"எந்தப் பலகைன்னு பூதக்கண்ணாடி கேட்டப்போ, பாத்தேன்னு சொன்னீங்க."

"பாத்துட்டுத்தானே சொன்னேன்."

"யோவ்!" என்று எழுந்தார் சின்னவர். நாற்காலி பின்னால் விழுந்தது. "நான் பைத்தியம் பிடிச்ச மாதிரி உக்காந்திருந்தேன்யா! இல்லாத தப்பைத் தேடிக்கிட்டு! எனக்கு இந்த வேலையே வராதுன்னு முடிவு பண்ணிட்டேன். வேற வேலை தேடலாமான்னு இவகிட்ட கேட்டேன்!"

"மாப்பிள்ளை, மாப்பிள்ளை" என்று மாமியார் இருவரையும் பொதுவாகக் கூப்பிட்டார்.

கோபத்தில் சின்னவரின் முகம் கோணி, மூக்கு விடைத்து, அழகாகவே இல்லை. அதைப் பார்த்ததில் பெரியவருக்கு முதலில் ஒரு சின்ன ஆறுதல்கூட வந்தது. அதற்குள் மகள் நாற்காலியைத் தூக்கி நிறுத்திவிட்டு, சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்தில் நின்றாள். அப்பாவை அவள் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. தெரியாத ஒருவரைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"நாளைக்கு மேடம்கிட்ட நீங்களே சொல்லணும்" என்றார் சின்னவர். "நான் சொல்ல மாட்டேன்."

திங்கட்கிழமை பெரியவர் சொன்னார். பூதக்கண்ணாடியும் இருந்தாள். மேடம் கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டார்.

"வெள்ளிக்கிழமை சொல்லாததை இன்னிக்கு ஏன் சொல்றீங்க? மனசாட்சி உறுத்துதா?"

பெரியவர் ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தார். வரவில்லை. "எல்லாரும் அவனை நல்லவன்னு சொல்றது தாங்கலை மேடம்."

மேடம் அவரை உற்றுப் பார்த்தார். "நான் கேட்ட காரணங்கள்லயே நம்பற மாதிரி இருக்கறது இதுதான்" என்றார். "எந்தப் பலகை வேணும்னு நீங்களே சொல்லுங்க."

"அவனோடது."

"பழசை நீங்களே எடுத்துடுங்க. இனிமே ஓட்டிப் பாத்து வாக்குக் குடுக்கற வேலை உங்களுக்கு வேண்டாம். கொஞ்ச நாளைக்கு."

பூதக்கண்ணாடி அவர் மேசைக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டாள். அவர் தன் கோப்புறையில் இருந்த பிரதியை அழித்தார். பில்டை ஓட்டினார். அது பழைய நினைவில் நேரே அந்த வீட்டுக்கே போய், ஆள் இல்லாத கதவைத் தட்டிவிட்டு, பலகையைக் காணோம் என்று நின்றுவிட்டது. "மறக்க வைங்க" என்றாள் அவள். அது குறித்துவைத்திருந்த விலாசங்களை எல்லாம் துடைத்துவிட்டு மறுபடி ஓட்டினார். இந்தமுறை அது தெருமுனையிலிருந்து ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு போய், பொது இடத்தில் இருந்த சின்னவரின் பலகையைக் கண்டெடுத்தது. அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போடுவதற்குள் முடிந்துவிட்டது. எண்கள் வலது பக்கம் இருந்தன, கடைசி வண்டி அடி வரிசையில் இருந்தது. வேறு ஏதாவது கோணலாக இருக்கிறதா என்று அவர் கண் இன்னும் தேடிக்கொண்டிருந்தது.

"போதும்" என்றாள் பூதக்கண்ணாடி. சின்னவரைக் கூப்பிட்டுக்கொண்டு அவள் டீக்கடைக்குக் கிளம்பினாள். அவர் பெரியவரைத் திரும்பிப் பார்க்காமல் போனார்.

ஜன்னல் வழியே இருவரும் கடை வாசலில் நிற்பது தெரிந்தது. சின்னவர் ஏதோ சொன்னார், அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தன்னைப் பற்றித்தான் இருக்கும் என்று பெரியவர் நினைத்தார். சரியாகத்தான் நினைத்தார். கொஞ்ச நேரம் இருக்கையிலேயே இருந்து பார்த்தார். பிறகு படியிறங்கிப் போனார். கடையின் நிழலில் அவர்கள் நின்றதால், அவர் டீயை வாங்கிக்கொண்டு இந்தப் பக்கம் வெயிலில் நின்றார்.

"பெரியவரே, வெயில்ல ஏன் நிக்கறீங்க? இந்தப் பக்கம் வாங்க" என்றாள் பூதக்கண்ணாடி.

"விடுங்க" என்றார் சின்னவர், டம்ளரைப் பார்த்துக்கொண்டே. "இங்க வந்தா நமக்கு அடுத்து நிக்கணும். அங்கதான் அவர் முதல் ஆள்."

டீக்கடைக்காரர்கூடச் சிரித்துவிட்டார். பெரியவர் சூடான டீயை ஒரு வாய் குடித்தார். இவன் இவ்வளவு பொருத்தமாகக் குத்திப் பேசுவான் என்று அவருக்கு இதுவரை தெரியாது. அந்த மாதிரி ஒரு பேச்சு தனக்கு ஒருநாளும் வாயில் வந்ததில்லையே என்று அவருக்கு வயிறு எரிந்தது.